மண் கேட்ட வண்டி

பேட்டரி கார் பெட்ரோல் காருக்கு மாற்றாகுமா என்று யாராவது பேச்செடுத்தால் நான் எழுந்து போய்விடுவேன். ஆஸ்பத்திரி கேண்டீனில் டாக்டர்கள் இதைத்தான் பேசுவார்கள். ஒரு தடவை சார்ஜ் போட்டால் எவ்வளவு தூரம் ஓடும், பேட்டரி எத்தனை வருஷம் தாங்கும், வெள்ளத்தில் இறங்கினால் ஷாக் அடிக்குமா. எல்லாம் நல்ல கேள்விகள்தான். ஆனால் 'உங்க வீடு யாரு மனையில இருக்கு?' என்று ஒருவர்கூடக் கேட்டதில்லை. காரை விற்றவனும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் நான் அதை வாங்கியே இருக்க மாட்டேன்.

தஞ்சாவூரில் ஓர் அரசு ஆஸ்பத்திரியின் ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் எனக்கு வேலை. வீடு குத்தாலத்துக்குப் பக்கத்தில் ஒரு கிராமம். ஆடுதுறை, கும்பகோணம், பாபநாசம், அய்யம்பேட்டை என்று எல்லாவற்றையும் தாண்டிப் போக வேண்டும். வெறும் வயிற்றோடு ரத்தம் கொடுக்க வந்து உட்கார்ந்திருப்பவர்களிடம் போய் 'பஸ் லேட்டு' என்று சொல்ல முடியாது. சர்க்கரைக்காரர்களின் பசிக்கோபம் தனி ரகம். அதனால்தான் கார். முதலில் ஒரு பழைய பெட்ரோல் கார் வைத்திருந்தேன்.

தஞ்சாவூரிலேயே குடியேறினால் என்ன என்று நீங்கள் கேட்பீர்கள். சிங்கப்பூரில் வேலை பார்க்கும் என் கணவரும் ஒவ்வொரு வாரமும் போனில் அதைத்தான் கேட்டார். நான் வந்துவிடுவேன். அம்மாவால் வர முடியாது. வர மாட்டாள் என்று சொல்லவில்லை, முடியாது. எங்கள் வீடு நிற்கிற மனைக்காக ஊர்க் கோயிலுக்கும் எங்கள் தெருவுக்கும் கோர்ட்டில் வழக்கு நடக்கிறது. வீட்டைப் பூட்டிக்கொண்டு கொஞ்ச நாள் வெளியூர் போனால் போதும், காலி செய்துவிட்டார்கள் என்று கோயில் அலுவலகம் கதவில் நோட்டீஸ் ஒட்டிவிடும். தெருக்கோடியில் ஒருவர் மகளோடு இருக்கலாம் என்று திருப்பூர் போனார். திரும்பி வந்தபோது வாசலில் வேறு பூட்டு தொங்கியது. அதிலிருந்து எங்கள் தெருவில் வீட்டுக்கு ஓர் ஆள் எப்போதும் காவல். எங்கள் வீட்டுக்கு அம்மா. வயதான அம்மாவைத் தனியாக விட முடியாது என்பதால் அவளுக்கு நான்.

அம்மா நடவு நட்டவள். அப்பா பண்ணையில் ஏர் ஓட்டியவர். அந்தக் காலத்தில் எங்கள் ஜனங்களுக்கு மனை என்று ஒன்று கிடையாது. மிராசுதார் கை காட்டுகிற இடத்தில் குடிசை போட்டுக்கொள்ள வேண்டும். கூலி கூடக் கேட்டால் அதே மிராசுதார் ஆள் விட்டுக் கூரையைப் பிரிப்பார். கொடி பிடித்தார்கள், அடி வாங்கினார்கள், ஜெயிலுக்கும் போனார்கள். அப்புறம் ஆட்சி மாறி, குடியிருக்கிற மனை குடியிருப்பவனுக்கே சொந்தம் என்று சட்டம் வந்தது. தெருவே வெடி போட்டுக் கொண்டாடியதாம். சர்வேயர் வந்து சங்கிலி பிடித்து அளந்தபோதுதான் சேதி தெரிந்தது. தெருவின் கிழக்குப் பக்கம் மிராசுதாரின் சொந்த நிலம், மேற்குப் பக்கம் கோயில் நிலம். கோயிலுக்கும் அவரே தர்மகர்த்தா. எது தன்னுடையது, எது சாமியுடையது என்று அவர் பிரித்துப் பார்த்ததே இல்லை. இரண்டு பக்கமும் குடிசை போடச் சொல்லிவிட்டார். சட்டம் வந்ததும் கிழக்கே இருந்தவர்களுக்குப் பட்டா கிடைத்தது. கோயில் நிலத்துக்கு இந்தச் சட்டம் செல்லாது என்று மேற்கே இருந்தவர்களைக் கைவிட்டார்கள். நாங்கள் மேற்கு.

அதற்கப்புறம் எத்தனையோ தேர்தல் வந்து போய்விட்டது. இரண்டு கட்சிகளும் மாறி மாறி ஆண்டன. ஓட்டுக் கேட்டு வருகிற ஒவ்வொருவரும் எங்கள் வாசலில் கும்பிடு போட்டு 'இந்த முறை பட்டா நிச்சயம்' என்பார்கள். குடிசைக்கு ஒரு விளக்கு கொடுத்தார்கள். டிவி கொடுத்தார்கள். மிக்சி, கிரைண்டர், ஃபேன் எல்லாம் கொடுத்தார்கள். நன்றி மறக்கவில்லை, அந்த ஒற்றை விளக்கில்தான் நான் படித்தேன். ஆனால் அதையெல்லாம் வைக்கிற தரையை மட்டும் யாரும் கொடுக்கவில்லை. குடிசை ஓட்டு வீடாகி, ஓட்டு வீடு மாடி வீடாகிவிட்டது. அடிமனை இன்றைக்கும் கோயில் பெயரில்தான் இருக்கிறது. கோயில் அலுவலகம் கேட்பது ஒன்றே ஒன்று: நாங்கள் வாடகைதாரர் என்று ஒப்புக்கொண்டு கையெழுத்துப் போட வேண்டும். மேற்குப் பக்கத்தில் ஒரு வீடுகூட இதுவரை போடவில்லை. ஒருவர் போட்டாலும் அந்தக் காகிதத்தைக் கோர்ட்டில் நீட்டி மற்ற எல்லோரையும் கவிழ்த்துவிடுவார்கள் என்று வக்கீல் சொல்லியிருக்கிறார்.

இந்த மனையில்தான் பேட்டரி கார் வந்து நின்றது.

கணவர் லீவில் வந்தபோது அதே பைத்தியமாக வந்தார். சிங்கப்பூரில் எல்லோரும் மாறுகிறார்களாம், நாம் மட்டும் இன்னும் புகை கக்கிக்கொண்டிருக்கிறோமாம். நானும் மறுக்கவில்லை. பொய் சொல்ல மாட்டேன், ஓட்டிப் பார்த்ததுமே எனக்கு அந்த வண்டி பிடித்துவிட்டது. பழைய காரை விற்றுவிட்டு இதை வாங்கினோம். முதல் நாள் விடியலில் கண்ணாடியை இறக்கிவிட்டு ஓட்டினேன். வாய்க்கால் மதகில் தண்ணீர் விழுகிற சத்தம் காருக்குள் கேட்டது. இத்தனை வருஷம் அந்த ரோட்டில் போயிருக்கிறேன், அங்கே ஒரு மதகு இருப்பதே எனக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது.

அம்மா வண்டியை ஒரு சுற்றுச் சுற்றி வந்தாள். பின்னால் குனிந்து மோந்து பார்த்தாள்.

"ஏன்டி, இதுல அந்த நாத்தம் இல்லையே?"

"பெட்ரோலே கிடையாதும்மா இதுல."

பழைய காரில் ஏறும்போதெல்லாம் அம்மா முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொள்வாள். குமட்டும் போல என்றுதான் நான் நினைத்திருந்தேன். அன்றைக்குத்தான் சொன்னாள். மிராசுதாரின் கார் வயல் ரோட்டில் வந்தால் நட்டுக்கொண்டிருப்பவர்கள் எல்லோரும் கரையேறி, சேற்றுக் கையோடு தலை குனிந்து நிற்க வேண்டுமாம். கார் போன பிறகும் புகை வயல்மேல் கொஞ்ச நேரம் நிற்குமாம். அந்தப் புகைக்குள்தான் திரும்ப இறங்கிக் குனிய வேண்டுமாம். "அந்த நாத்தம் வந்தாலே எனக்கு எந்திரிச்சு நிக்கணும் போல இருக்கும்டி" என்றாள். புது வண்டியில் முந்தானையை மடியில் போட்டுக்கொண்டு நிமிர்ந்து உட்கார்ந்தாள். நான் அவளைச் சும்மாவே ஆடுதுறை வரைக்கும் கூட்டிப்போய் வந்தேன்.

சந்தோஷம் எல்லாம் ஷோரூமில் போட்டுக் கொடுத்த சார்ஜ் தீருகிற வரைக்கும்தான். 'வீட்ல பதினஞ்சு ஆம்ப்ஸ் பிளக் இருந்தா போதும் மேடம், செல்போன் மாதிரி' என்று விற்றவன் சொல்லியிருந்தான். செல்போன் மாதிரிதான் சொருகினேன். சார்ஜர் பெட்டியில் சிவப்பு விளக்கு எரிந்தது. பிடுங்கிச் சொருகினேன், மறுபடியும் சிவப்பு. எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டால் பார்த்த உடனே சொல்லிவிட்டார்.

"எர்த் இல்லீங்க. ஃபேன், டிவி எல்லாம் எர்த் இல்லாம ஓடிரும். இது ஓடாது. இதுக்கு மண்ணு வேணும்."

கொல்லையில் குழி வெட்டி, இரும்புக் குழாய் இறக்கி, கரியும் உப்பும் போட்டு, தண்ணீர் ஊற்றினால் எர்த் சரியாகிவிடும் என்றார். அம்மா ஜாடியிலிருந்து கல்லுப்பை முறத்தில் கொட்டிக்கொண்டு வந்தாள். குழி இடுப்பளவு போயிருக்கும். கோயில் காவலாளி வேலிக்கு அந்தப் பக்கம் நின்று எட்டிப் பார்த்துவிட்டு, போனை எடுத்துப் படம் பிடித்தார். மத்தியானம் அலுவலகத்திலிருந்து எழுத்தர் வந்துவிட்டார்.

"கேஸ் முடியிற வரைக்கும் மனையில எந்த மாறுதலும் செய்யக்கூடாதுன்னு கோர்ட் உத்தரவு இருக்குங்கம்மா. குழி வெட்டினா அது மாறுதல்."

"முருங்கை நட்டாலும்தான் குழி வெட்டணும்."

"முருங்கைக்கு யாரும் இரும்புக் குழாய் இறக்க மாட்டாங்கம்மா. போர்வெல் போடறாங்கன்னு எழுதிருவாங்க."

எர்த்துக்கும் போருக்கும் வித்தியாசம் சொல்லிச் சொல்லி எனக்குத் தொண்டை வறண்டதுதான் மிச்சம். குழியை மூட வேண்டியதாகிவிட்டது. உப்பு வீணாகிவிட்டதே என்று அம்மா அந்த முறத்தைத் திரும்ப எடுத்துக்கொண்டு உள்ளே போனாள்.

சரி, முறையாகவே செய்வோம் என்று மின்வாரிய அலுவலகத்துக்குப் போனேன். அங்கே இருந்தவர் கம்ப்யூட்டரைப் பார்த்தார். மின் இணைப்பு இறந்துபோன அப்பா பெயரில் இருக்கிறது. லைன் குடிசைக்குக் கொடுத்த லைன். கார் சார்ஜ் போட வேண்டுமானால் பெயரை மாற்றி, லோடை ஏற்ற வேண்டும். அதில்தான் சிக்கல்.

"இந்தச் சர்வே நம்பர்ல எங்க சம்மதம் இல்லாம எதுவும் மாத்தாதீங்கன்னு கோயில்லேர்ந்து கடிதம் கொடுத்துருக்காங்க மேடம். நீங்க அவங்ககிட்ட என்ஓசி வாங்கிட்டு வந்துருங்க, நான் உடனே பண்ணித் தரேன்."

"நான் கரண்ட்தானே சார் கேக்குறேன்? நிலமா கேக்குறேன்?"

"கரண்ட் அந்தரத்துல வராதுங்களே."

பேட்டரி வண்டிக்கு மானியம், வரிச் சலுகை என்று சுவரெல்லாம் சிரிக்கச் சிரிக்கப் போஸ்டர் ஒட்டியிருந்தார்கள். அதே சுவரில் சாய்ந்து நின்றுதான் இதைக் கேட்டேன். எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அந்தப் போஸ்டரைக் கிழித்திருப்பேன். நான் அரசாங்கச் சம்பளக்காரி என்பதால் கையைக் கட்டிக்கொண்டு நின்றேன்.

கோயில் அலுவலகத்தில் குழியை மூடச் சொன்ன அதே எழுத்தர்தான் இருந்தார். கெட்டவர் இல்லை. நாற்காலி போட்டு, தண்ணீர் கொடுத்து, காகிதத்தை என் பக்கம் தள்ளினார். ஆட்சேபணை இல்லை என்கிற அந்த என்ஓசி தயார். கீழே கோடு போட்டிருந்த இடத்தில் அச்சடித்திருந்தது: வாடகைதாரர்.

"இந்த வார்த்தைய அடிச்சுட்டு 'குடியிருப்பவர்'னு எழுதிக்கலாமா சார்?"

"அடிச்சா செல்லாதுங்கம்மா. ஒரு வார்த்தைதானே? வாடகைகூட இப்ப யாரும் கேக்கல. போட்டுட்டுப் போங்க, நாளைக்கே வண்டிக்குச் சார்ஜ் போடலாம்."

பேனாவை மூடி கழற்றி வைத்துவிட்டார். நான் அந்த வார்த்தையையே பார்த்துக்கொண்டிருந்தேன். ஆஸ்பத்திரியில் ஒரு நாளைக்கு எத்தனையோ காகிதத்தில் படிக்காமல்கூடக் கையெழுத்துப் போடுகிறவள் நான். வீட்டில் கேட்டுச் சொல்கிறேன் என்று எழுந்து வந்துவிட்டேன். அன்று இரவு கணவரிடம் சொன்னபோது, "ஒரு கையெழுத்துதானே, போட்டுட்டு வேலையைப் பாரேன். உங்க தெரு கேஸ் இன்னும் அம்பது வருஷம் நடக்கும்" என்றார். அவருக்குத் திருச்சியில் சொந்த வீடு, தாத்தா காலத்துப் பத்திரம். அவரோடு ரொம்ப நாள் சரியாகப் பேசவில்லை.

அம்மாவிடம் எப்படிச் சொல்வது என்று தயங்கித் தயங்கித்தான் சொன்னேன். கத்துவாள் என்று எதிர்பார்த்தேன். அவள் அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டே கேட்டாள்.

"போட்டுட்டியா?"

"இல்லம்மா."

"உங்கப்பா வாயால அந்த வார்த்தைய வர வைக்கத்தான் சட்டம் வந்தப்புறமும் மிராசுதார் ஆளுங்க கூரையப் பிரிச்சானுவ. மழையில உன்ன மடியில போட்டுக்கிட்டு உக்காந்துருந்தேன். அப்பவும் அந்த மனுஷன் சொல்லல." பொறுக்கிய கல்லை வாசலில் எறிந்துவிட்டு, "உனக்கு வண்டி வேணும்னா எங்க வேணா கொண்டுபோயி கரண்ட் போட்டுக்க. என்னைய வாடகைக்கு இருக்கறவளா ஆக்கிடாத" என்றாள்.

அத்தோடு அந்தக் காகிதம் முடிந்தது. எனக்கு அவள்மேல் கோபம் வரவில்லை என்று எழுதினால் பொய். பொங்கிக்கொண்டு வந்தது. அவள் சொன்னதில் ஒரு சொல்லைக்கூட மறுக்க முடியவில்லை என்பதால் இன்னும் அதிகமாக வந்தது.

நேர் எதிர்வீட்டில் ஓர் அக்கா இருக்கிறார். கிழக்குப் பக்கம், பட்டா வீடு. விஷயத்தைக் கேள்விப்பட்டு அவரே வந்து, "நம்ம வாசல்ல நிறுத்திப் போட்டுக்க தங்கச்சி, நம்ம வீட்ல எர்த் இருக்கு. வேணும்னா உனக்குன்னு தனி மீட்டரே வாங்கி வச்சுக்க" என்றார். எனக்குக் கண் கலங்கிவிட்டது. தெருவைத் தாண்டினால் வேறு சட்டம், வேறு மண். வண்டியைத் திருப்பி அந்தப் பக்கம் நிறுத்தினேன். சிவப்பு விளக்கு அணைந்து பச்சை எரிந்தது. அம்மா எங்கள் வாசலிலிருந்தே அந்தப் பச்சையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

தனி மீட்டருக்கு விண்ணப்பம் எழுதுகிற நேரத்தில் அக்காவின் கொழுந்தன் வந்து சேர்ந்தார். பட்டா செத்துப்போன மாமனார் பெயரில் இருக்கிறது, பிள்ளைகளுக்குள் பாகம் பிரிக்கவில்லை. கொழுந்தன் என்னிடம் மரியாதையாகத்தான் பேசினார்.

"தப்பா எடுத்துக்காதீங்க தங்கச்சி. இன்னைக்கு உங்க பேர்ல எங்க மனையில மீட்டர் வரும். நாளைக்கு அந்தக் கரண்ட் அட்டைய வச்சுக்கிட்டு, நான் இங்கதான் இருந்தேன்னு நீங்க சொன்னா நாங்க எங்க போறது?"

"அண்ணே, என்னையப் பாத்தா அப்படி மனையப் பிடுங்குற ஆளாவா தெரியுது?"

"நீங்க செய்ய மாட்டீங்க. ஆனா உங்க பக்கத்து வீடுங்க எல்லாம் எத வச்சுக்கிட்டு கோர்ட்ல நிக்குது? கரண்ட் அட்டையும் வீட்டு வரி ரசீதும்தானே?"

உண்மைதான். பட்டா இல்லாத நாங்கள் அப்பா பெயரில் இருக்கிற அந்தக் கரண்ட் அட்டையைத்தான் கோர்ட்டில் ஆதாரமாகக் கொடுத்திருக்கிறோம். மீட்டர் எங்கே ஓடுகிறதோ அங்கே குடி இருக்கிறது என்பதுதான் எங்கள் வாதமே. எங்கள் வாதத்தை எங்களிடமே திருப்பிக் கொடுத்துவிட்டார். வேறு எந்த ஊரிலாவது கார் சார்ஜரைப் பார்த்து நிலம் பறிபோய்விடும் என்று ஒருவர் பயப்படுவாரா, தெரியவில்லை. இங்கே பயப்படுவதற்குக் காரணம் இருக்கிறது. அக்கா கொழுந்தனோடு சண்டைக்குப் போனார், நான்தான் வேண்டாம் என்று இழுத்துக்கொண்டு வந்தேன். அண்ணன் தம்பிக்குள் என் வண்டியால் ஒரு தகராறு எதற்கு? அக்கா வீட்டுப் பிளக்கில் சொருகுவதையும் அன்றோடு நிறுத்திவிட்டேன்.

அப்புறம் ஆளுக்கொரு யோசனை சொன்னார்கள். வயலில் மோட்டார் கொட்டகையில் போட்டுக்கொள், விவசாயக் கரண்ட் இலவசம்தானே என்றார்கள். அது வயலுக்குக் கொடுத்த கரண்ட். அதற்காகப் போராடித் துப்பாக்கிச் சூட்டுக்கு நெஞ்சைக் காட்டிய விவசாயிகள் இருக்கிறார்கள், அதில் என் கார் ஓட வேண்டாம் என்றுவிட்டேன். ஆஸ்பத்திரியில் கேட்டேன். அரசாங்கக் கரண்டில் சொந்த வண்டிக்குச் சார்ஜ் போட்டால் ஆடிட்டில் பிடிப்பார்கள் என்று கையை விரித்துவிட்டார்கள்.

கடைசியில் தஞ்சாவூர் பைபாஸில் ஒரு ஹோட்டல் வாசலில் இருக்கும் சார்ஜர்தான் கதி என்றாகிவிட்டது. வேலை முடிந்து, ஊர் எல்லாம் வீட்டுக்குப் போகிற நேரத்தில் நான் அங்கே போய் நிற்பேன். சில நாள் மெஷின் வேலை செய்யாது. சில நாள் வேலை செய்யும், செல்போன் ஆப் பணத்தை வாங்கிக்கொண்டு சுற்றிக்கொண்டே இருக்கும். அந்த ஹோட்டல் காபியைக் குடித்துக் குடித்து எனக்கே சர்க்கரை வந்துவிடும் போல ஆகிவிட்டது. வீட்டுக்கு வரும்போது அம்மா சாப்பிடாமல் உட்கார்ந்திருப்பாள். "கரண்ட் கெடச்சுதா? கையெழுத்து ஏதும் கேட்டானா?" என்பாள். தினமும் அதே இரண்டு கேள்வி.

ஒரு முகூர்த்த நாள், ஹோட்டல் மண்டபத்தில் கல்யாண வரவேற்பு. சார்ஜ் அடிமட்டத்துக்கு வந்துவிட்டது. ஹோட்டலுக்குப் போனால், சார்ஜர் முன்னால் ரோஜாப்பூ ஒட்டிய கல்யாணக் கார் நிற்கிறது. பெட்ரோல் கார். டிரைவர் பந்தியில் உட்கார்ந்திருக்கிறார். வாட்ச்மேனிடம் சொன்னேன், மேனேஜரிடம் சொன்னேன். "சாப்ட்டுட்டு இருக்காருங்க, இப்ப வந்துருவாரு" என்றார்கள். ரசத்துக்குப் போயிருக்கிறார், பாயசத்துக்குப் போயிருக்கிறார் என்று எனக்கு வரிசையாக நிலவரம் சொன்னார்கள். பீடா போட்டுக்கொண்டு வந்த டிரைவர் என்னைப் பார்த்து, "இது பார்க்கிங் இல்லீங்களா?" என்று உண்மையாகவே ஆச்சரியப்பட்டார். வண்டியை எடுத்தார். நான் சொருகினேன். அந்த நேரம் பார்த்துக் கரண்ட் போய்விட்டது. ஹோட்டல் ஜெனரேட்டர் டீசலில் முழங்கத் தொடங்கியது. மண்டபம் முழுக்க விளக்கு எரிந்தது, சார்ஜர் மட்டும் எரியவில்லை. அதை ஜெனரேட்டரில் சேர்க்கவில்லையாம்.

காரை அங்கேயே விட்டுவிட்டுக் கடைசி பஸ்ஸில் நின்றுகொண்டே வந்தேன். மறுநாள் காலை பஸ்ஸைப் பிடித்துப் போய்ச் சேர்வதற்குள் ரத்தம் கொடுக்க வந்தவர்கள் கதவை உடைக்காத குறை. ஒரு பாட்டையா, "நீங்கல்லாம் ரெண்டு இட்டிலி தின்னுட்டு ஆடி அசஞ்சு வருவீங்க, நாங்க பட்டினியில கெடந்து சாவணும்" என்று எல்லோர் முன்னாலும் கேட்டார். நானும் அன்றைக்குச் சாப்பிடவில்லை. ஊசியை எடுத்து அவர் கையைப் பிடித்தேன். இதோடு போதும் என்று அப்போதே முடிவு செய்துவிட்டேன்.

அந்த மாதமே பேட்டரி காரை விற்றேன். வாங்கியவர் தஞ்சாவூரில் சொந்த வீட்டுக்காரர், வாசலிலேயே தூண் நட்டு சார்ஜர் வைத்திருக்கிறார். வண்டி சத்தமில்லாமல் அவரோடு போனது. வண்டியில் ஒரு குறையும் இல்லை என்று அவரிடம் சொன்னேன். அதுதான் என்னால் தாங்க முடியாத விஷயம். குறை உள்ள வண்டியாக இருந்தால் திட்டிவிட்டுத் தூங்கியிருப்பேன்.

பெட்ரோலில் ஓடுகிற ஒரு பழைய காரையே மறுபடி வாங்கினேன். டாக்டர்கள் கேண்டீனில் என்னைப் பார்த்துச் சிரித்தார்கள். ஏன் மேடம், மாற்றத்துக்குப் பயமா என்றார்கள். மாற்றத்துக்காக ஜெயிலுக்குப் போனவர்களின் பெண் நான் என்று சொல்ல நினைத்து, சொல்லாமல் எழுந்து வந்துவிட்டேன். பேட்டரி கார் வேண்டாம் என்று நான் யாருக்கும் சொல்லமாட்டேன். நல்ல வண்டி. ஆனால் அது ஓடுவதற்கு முதலில் ஒரு வீடு வேண்டும், அந்த வீட்டுக்குக் கீழே இருக்கிற மண் உன்னுடையது என்று நாலு பேர் ஒப்புக்கொள்ள வேண்டும். அதைச் செய்யாமல் ஊரெல்லாம் பேட்டரி கார் ஓடும் என்று மேடை போட்டுக் கொடியசைக்கிறார்களே, அவர்களைப் பார்த்தால்தான் பற்றிக்கொண்டு வருகிறது.

வாங்கிய வாரம், கண் டாக்டரிடம் காட்டுவதற்காக அம்மாவைக் கும்பகோணம் கூட்டிப்போனேன். கதவைத் திறந்ததுமே முந்தானை மூக்குக்குப் போய்விட்டது. ஏறி, குனிந்து உட்கார்ந்துகொண்டாள். நான் அவள் பக்கத்துக் கண்ணாடியை முழுக்க இறக்கிவிட்டேன். ஆடுதுறை தாண்டி ஒரு பெட்ரோல் பங்கில் நிறுத்தினேன். காக்கிச் சட்டை போட்ட ஒரு பெண் பைப்பைக் கையில் எடுத்துக்கொண்டு ஜன்னலில் குனிந்தாள்.

"எவ்வளவுக்குங்கக்கா?"

சொன்னேன். அடித்தாள். பணத்தை வாங்கிக்கொண்டு, "போலாங்கக்கா" என்றாள். பின்னால் நின்ற பைக்குக்கு வழிவிடச் சொல்லிக் கை காட்டினாள்.

அம்மா திரும்பிப் பார்த்தாள்.

"அவ்ளோதானா?"

"அவ்ளோதான்."

"கையெழுத்து?"

"கேக்க மாட்டாங்கம்மா."

"யாரு மனையில இருக்கன்னுகூடக் கேக்கல?"

"கேக்கல."

அம்மா முந்தானையை மூக்கிலிருந்து எடுத்து மடியில் போட்டுக்கொண்டாள். பெட்ரோல் வாடை வண்டி முழுக்க இருந்தது. நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

"நாறுனா நாறட்டும்" என்றாள். "வண்டிய எடு."